கரியரில் இருப்பது பொதியல்ல

துவிச்சக்கரவண்டியின் ஆசனத்துக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருக்கும் இரும்புச் சட்டத்தை நாம் கரியர் என்கிறோம். சுமை காவுவதற்கென்றே பிறந்த பெயர் அது. அரிசி மூட்டை, விறகுக் கட்டு, மண்ணெண்ணெய்க் கலன், தேங்காய்ச் சாக்கு என்று எதை ஏற்றினாலும் தாங்கும்படி அது செய்யப்பட்டிருக்கிறது. அதன்மீதுதான் ஒவ்வொரு காலையும் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பிள்ளைகள் முன்பள்ளிக்கும் பாடசாலைக்கும் போகின்றனர். மூட்டைக்குக் கால் இல்லை. ஆகவே கரியருக்கு மிதிபடி வைக்கப்படவில்லை. மூட்டை நித்திரை கொள்வதில்லை. ஆகவே சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை வைக்கப்படவில்லை. பிள்ளைக்குக் கால் உண்டு, நித்திரையும் உண்டு. இந்தச் சிறிய உண்மையை வண்டியைச் செய்தவரும், விற்றவரும், அதன்மீது வரி அறவிடச் சட்டம் இயற்றியவரும் கணக்கில் எடுக்கவில்லை. அதற்கான விலையைப் பிள்ளையின் குதிக்கால் கொடுக்கிறது.

சைக்கிள் சில்லுக்குள் கால் அகப்படுதல் என்றால் நம் ஊரில் எவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. குதியிலோ கணுக்காலிலோ பழைய தழும்போடு நடமாடும் பெரியவர்களை எந்தக் கிராமத்திலும் காணலாம். கேட்டால், "சின்ன வயசிலை அப்பாவின்ரை சைக்கிளிலை பட்டது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்போடுதான் எனக்கு வழக்கு. ஒரு காயம் எல்லோருக்கும் தெரிந்ததாக இருப்பதால் அது அற்பமானதாகிவிடாது. தடுக்கக்கூடிய ஒன்று இத்தனை பேருக்கு நேர விடப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

1969ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் மூவர், சிறுவர் சத்திரசிகிச்சை தொடர்பான சஞ்சிகையொன்றில் இக்காயத்தைப் பற்றி எழுதினார்கள். சிறியதென்று குறைத்து மதிப்பிடப்படும் காயம் என்று கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் குறிப்பிட்டனர். சுழலும் சில்லுக்குள் பிள்ளையின் கால் புகும்போது மூன்று விடயங்கள் ஒரே நேரத்தில் நிகழ்வதாக அவர்கள் பிரித்துக் காட்டினர். கம்பி கத்தியைப்போல் தசையை வெட்டுகிறது. சில்லுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையில் அகப்பட்டுக் கால் நசிகிறது. வெட்டும் விசையும் நசிக்கும் விசையும் சேர்ந்து தோலை அதன் கீழுள்ள இழையத்திலிருந்து பிரித்து உரிக்கின்றன.

இதில் மூன்றாவதுதான் வஞ்சகமானது. முதல் நாள் பார்க்கும்போது ஒரு வெட்டு, கொஞ்சம் வீக்கம், சிராய்ப்பு. அவ்வளவுதான் தெரியும். இரண்டு மூன்று நாட்கள் கழிந்த பின்னர் குதியின் தோல் கறுக்கத் தொடங்கும். இரத்தவோட்டம் அறுந்துபோன தோல் இறந்துகொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். குதிக்காலில் சதை குறைவு. அக்கிலீஸ் எனப்படும் குதிநாண் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. அவ்விடத்தில் தோல் போய்விட்டால் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டவேண்டிய நிலைகூட வரலாம். ஒரு தையல், ஒரு மருந்துக்கட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று முடிந்துவிட்டதாக நினைத்த விடயம் பல வாரங்கள் விடுதியில் படுக்கவைக்கும்.

கணக்கொன்றைப் போட்டுப் பாருங்கள். மணிக்குப் பதினைந்து கிலோமீற்றர் என்பது நிதானமான சைக்கிள் வேகம். செக்கனுக்கு நான்கு மீற்றருக்குச் சற்று அதிகம். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் சில்லு ஒருமுறை சுழன்றால் இரண்டு மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக நகரும். ஆகவே செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு சுழற்சி. பின்சில்லில் 36 அல்லது 40 கம்பிகள். பிள்ளையின் கணுக்காலுக்கு அருகில் ஒரு செக்கனில் எழுபதுக்கும் மேற்பட்ட கம்பிகள் கடந்து போகின்றன. கால் உள்ளே போனபின் "அம்மா" என்று பிள்ளை கத்துவதற்கும், தாய் பிறேக்கைப் பிடிப்பதற்கும் இடையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில் எவருடைய கவனமும் செல்லுபடியாகாது.

ஆனால் நாம் என்ன சொல்கிறோம்? "பிள்ளையைக் கவனமாகப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கவேண்டும்" என்கிறோம். "காலை அகட்டி வைத்திரு என்று சொல்லியும் கேட்கவில்லை" என்று பிள்ளையையே குற்றவாளியாக்குகிறோம். நான்கு வயதுப் பிள்ளை இருபது நிமிடங்களுக்குக் கால்களை அந்தரத்தில் அகட்டி வைத்துக்கொண்டிருக்கவேண்டும் என்பது ஆலோசனையா? வளர்ந்த ஒருவர் ஐந்து நிமிடங்கள் அப்படி இருந்து பார்க்கட்டும். தொடை கடுக்கும், கால் தானாகவே உள்ளே சாயும். பிள்ளை வீதியில் நாயைப் பார்க்கும், கோயில் கொடியைப் பார்க்கும், வெயிலில் கண் சொருகும். அது பிள்ளையின் இயல்பு. பிள்ளை பிள்ளையாக இருப்பதைத் தவறென்று சொல்லும் பாதுகாப்பு முறை, பாதுகாப்பு முறையே அன்று.

இன்னும் மோசமானது, எல்லாவற்றையும் விதியின் தலையில் கட்டிவிடுவது. செய்தித்தாளில் பல பத்தாண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். இந்நாட்டு வீதிகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போகின்றன. அவற்றுக்குப் பொலிஸ் குறிப்பு உண்டு. குறிப்பிலிருந்து நான்கு வரிச் செய்தி உண்டு. சில்லுக்குள் கால் போன பிள்ளைக்குப் பொலிஸ் குறிப்பு இல்லை. மோதிய வாகனம் இல்லை, கைதான சாரதி இல்லை, நீதவான் இல்லை. அப்பாவின் சைக்கிளில் நடந்ததை அப்பா எங்கே போய் முறையிடுவார்? வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு துண்டாகத் தொடங்கி அங்கேயே அது முடிந்துவிடுகிறது. செய்தியாகாதது எண்ணிக்கையாவதில்லை, எண்ணிக்கையாகாதது எந்த அமைச்சின் கோப்பிலும் ஏறுவதில்லை. விதி என்று நாம் அழைப்பது பெரும்பாலும் எவரும் எண்ணிப் பார்க்காத விடயத்தைத்தான்.

"நாங்களெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்" என்பது அடுத்த வாதம். இதை நான் இலேசாகத் தட்டிக்கழிக்கமாட்டேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடின. மற்றெல்லாவற்றையும் துவிச்சக்கரவண்டிதான் சுமந்தது. நோயாளியை வைத்தியசாலைக்கும், மரக்கறியைச் சந்தைக்கும் அதுவே கொண்டுபோனது. சில்லைக் கையால் சுழற்றி டைனமோவில் வானொலியும் கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, மழைக்குள்ளும் நெரிசலுக்குள்ளும் பாரில் ஒரு பிள்ளை, கரியரில் ஒரு பிள்ளை, ஹாண்டிலில் பாத்திர மூட்டை என்று உருட்டிக்கொண்டு வந்த சைக்கிள்களை அந்தத் தலைமுறை மறக்காது. அந்த வண்டிக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் அது யுத்தகாலத்து நிர்ப்பந்தம். குண்டுக்குப் பயந்து பதுங்குகுழியில் பிள்ளையைப் படுக்கவைத்தோம் என்பதற்காக, இன்றும் பதுங்குகுழியில் படுக்கட்டும் என்று எவராவது சொல்வார்களா? தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லும் "நாங்கள் வளர்ந்தோம்" என்ற கதைக்குள், வளரும்போது நொண்டிக்கொண்டவர்களின் கதை இல்லை. பிழைத்தவரின் சாட்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆபத்தை அளக்கக்கூடாது.

இனி, மற்ற நாடுகள் இவ்விடயத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதையும் பார்ப்போம். நம்மவர்கள் பெருந்தொகையில் குடியேறியிருக்கும் ஜேர்மனியின் வீதிப் போக்குவரத்து விதிகளில் 21ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றுபவருக்குக் குறைந்தது பதினாறு வயது ஆகியிருக்கவேண்டும். ஏற்றப்படும் பிள்ளை ஏழு வயதைப் பூர்த்தி செய்யாததாக இருக்கவேண்டும். பிள்ளைக்கென்று தனி ஆசனம் இருக்கவேண்டும். அத்தோடு, பிள்ளையின் பாதங்கள் சில்லுக் கம்பிகளுக்குள் புகாதபடி சில்லுக்கு மறைப்போ அதற்கு நிகரான ஏற்பாடோ இருக்கவேண்டும். சைக்கிளின் பின்னால் பிள்ளைகளை இழுவைவண்டியில் இழுத்துச் செல்வதானால், அது பிள்ளைகளை ஏற்றுவதற்கென அமைக்கப்பட்டதாக இருக்கவேண்டும். அதில் இருவருக்கு மேல் ஏற்றக்கூடாது.

அந்த விதியை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். ஓர் அரசின் சட்டம் பிள்ளையின் பாதத்தைப் பெயர் சொல்லி நினைத்திருக்கிறது. கம்பியையும் பெயர் சொல்லி நினைத்திருக்கிறது. "கவனமாக இருங்கள்" என்று அது உபதேசம் செய்யவில்லை. காலுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு பொருளை வை என்கிறது. நெதர்லாந்தின் விதியும் அப்படியே: எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றுவதானால் முதுகுக்கும் கைகளுக்கும் பாதங்களுக்கும் போதிய தாங்கல் உள்ள பாதுகாப்பான இருக்கை வேண்டும். அவுஸ்திரேலிய வீதி விதிகளின்படி, சைக்கிள் இழுவைவண்டியில் ஆளை ஏற்றி இழுப்பவர் பதினாறு வயதானவராகவும், உள்ளே இருப்பவர் பத்து வயதுக்குட்பட்டவராகவும் இருக்கவேண்டும். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு வயது நிரம்பாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றுவதே சட்டவிரோதம். கழுத்து உறுதியாகாத குழந்தையின் தலை, குலுக்கலைத் தாங்காது.

இந்தியாவின் உதாரணம் வேறுவிதமானது. அங்கே 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், மோட்டார் சைக்கிளின் பின்சில்லில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு வேண்டும் என்று விதித்தன. பின்னால் இருப்பவரின் உடை சில்லில் சிக்காதிருப்பதற்காக அந்த ஏற்பாடு. சேலைக் காப்பு என்பது மக்கள் வழக்கு. 2022இல் அந்நாடு இன்னொரு விதியைச் சேர்த்தது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையான பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால், பிள்ளையைச் சாரதியோடு இணைக்கும் வார்ப்பட்டியும் தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு நாற்பது கிலோமீற்றரைத் தாண்டக்கூடாது. ஆக, அங்கே சேலையின் முறை முதலிலும் பிள்ளையின் முறை முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்தும் வந்திருக்கின்றன. வந்ததே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் இரண்டும் மோட்டார் பூட்டிய வண்டிகளுக்கு. மிதித்து ஓடும் வண்டியில் போகும் ஏழையின் பிள்ளை அங்கும் காத்திருக்கிறது.

இங்கே வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: "அப்படியானால் சைக்கிளில் பிள்ளை ஏற்றுவதைத் தடை செய்துவிட்டால் என்ன? பொலிஸார் மறித்துத் தண்டம் எழுதட்டும்." இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். சைக்கிளில் பிள்ளையை ஏற்றிச் செல்பவர் யார்? தோட்டவேலைக்குப் போகுமுன் பிள்ளையை முன்பள்ளியில் விடும் தாய். கடலால் வந்த கையோடு மகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகும் தகப்பன். பேருந்து வராத உள்ளூர் வீதியில் இருப்பவர்கள். 2022இல் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் நாட்கணக்கில் வரிசைகள் நின்றபோது, கொழும்பில் காரில் போய்க்கொண்டிருந்தவர்களும் சைக்கிளைத் தேடினார்கள். அப்போது சைக்கிள் ஓடுவது புத்திசாலித்தனமாகப் போற்றப்பட்டது. ஏழை அதை ஆண்டு முழுவதும் செய்தால் குற்றமா? அவரிடமிருந்து வண்டியைப் பறித்தால், பிள்ளை பாதுகாப்பாகப் போகமாட்டாது. பிள்ளை பாடசாலைக்கே போகமாட்டாது. வண்டியைத் திருத்தவேண்டிய இடத்தில் மனிதரைத் தண்டிக்கும் சட்டம் நமக்கு வேண்டாம்.

மூன்றாவது யோசனையொன்று அண்மைக்காலமாகக் காதில் விழுகிறது. வெளிநாட்டில் வாழும் உறவினர்கள், அங்கே தாங்கள் பயன்படுத்தும் இழுவைவண்டியை ஊருக்கு அனுப்புவது பற்றிப் பேசுகிறார்கள். இரண்டு சில்லு, துணிக் கூடாரம், உள்ளே இரண்டு பிள்ளைகள், சைக்கிளின் பின்னச்சில் கொளுவி இழுப்பது. நல்ல நோக்கம்; அதை ஏளனம் செய்யமாட்டேன். அந்த வண்டியின் சிறப்புகளும் உண்மையானவை. பிள்ளையின் கால் சில்லுக்கு அருகில் போக வழியில்லை. நிலத்துக்கு அண்மையில் இருப்பதால் விழும் உயரம் குறைவு. நன்றாகச் செய்யப்பட்ட வண்டியின் கொளுவி சுழலக்கூடியது. சைக்கிள் சரிந்தாலும் இழுவைவண்டி நிமிர்ந்தே நிற்கும். கொளுவி கழன்றாலும் வண்டி விலகிப்போகாதபடி இரண்டாவது வாரொன்றும் இருக்கும். உள்ளே இருப்பவரைத் தோளிலும் இடுப்பிலும் பிணைக்கும் பட்டி இருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வண்டிகளுக்கென்று தனித் தரநிர்ணயங்கள் உள்ளன.

ஆனால் எந்த வீதியில் ஓட்டப்போகிறோம்? அந்நாடுகள் பலவற்றில் சைக்கிளுக்கெனப் பிரிக்கப்பட்ட பாதைகள் உண்டு. இங்கே காங்கேசன்துறை வீதியிலும் ஏ-9 வீதியிலும் ஒன்றையொன்று முந்தும் தனியார் பேருந்துகளும், மணல் ஏற்றிய டிப்பர்களும், தோளோடு தோள் உரசும் முச்சக்கரவண்டிகளும் ஓடுகின்றன. டிப்பர் சாரதியின் கண்மட்டத்துக்கு மிகக் கீழே, சைக்கிளுக்குப் பின்னால், அதைவிட அகலமாக ஒரு பெட்டி வருமென்று எவர் எதிர்பார்ப்பார்? உள்ளே இருக்கும் பிள்ளையின் மூக்கு, பேருந்தின் புகைக்குழாயின் உயரத்தில் இருக்கும். பள்ளமான ஒழுங்கையில் ஒரு சில்லு குழியில் இறங்க மறு சில்லு மேட்டில் ஏறினால், வேகமாகத் திரும்பும் வண்டி புரளும். மூடிய துணிக்குள் யாழ்ப்பாணத்து வெயிலில் பிள்ளை அவியும். ஆகவே பிரதான வீதியில் பிள்ளையை இழுவைவண்டியில் இழுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. வாகனம் குறைந்த உள்வீதியில், நடைவேகத்துக்குச் சற்றுக் கூடுதலாக, உயர்ந்த கொடித்தடியோடு, பட்டி பூட்டி, இரண்டு பிறேக்குகளும் நன்றாகப் பிடிக்கும் சைக்கிளில் இழுப்பது வேறு விடயம். பின்னால் நாற்பது கிலோ தள்ளிக்கொண்டு வரும்போது, மழையில் நனைந்த இரும்பு றிம்மில் தேய்ந்த பிறேக் கட்டை எதையும் நிறுத்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

வெளிநாட்டுப் பொருள் என்பதாலேயே அது பத்திரமானது என்றும் எண்ணவேண்டாம். நெதர்லாந்தின் ஒஸ் நகரில் 2018 செப்ரெம்பர் 20 அன்று, பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற மின்சார வண்டியொன்று புகையிரதக் கடவையில் ரயிலில் மோதுண்டு நான்கு பிள்ளைகள் உயிரிழந்தனர். 2024 பெப்ரவரியில் அதே நாட்டின் பாதுகாப்பு அதிகாரசபை, சட்டம் உடையும் அபாயம் காரணமாக, பிள்ளைகளை ஏற்றும் பெட்டிச் சைக்கிள்களுக்குப் பேர்பெற்ற பாபு நிறுவனத்தின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. நான் இவற்றை எடுத்துச் சொல்வது அந்நாட்டை இழிவுபடுத்த அல்ல. முதலாவது சம்பவத்தின் பின், சில நாட்களிலேயே அவ்வகை வண்டிகள் வீதியில் ஓடுவதை அமைச்சர் இடைநிறுத்தினார். இரண்டாவதில் அரசு உற்பத்தியாளரின் கதவைத் தட்டியது. இரு தடவையும் முதற் கேள்வி வண்டியை நோக்கிக் கேட்கப்பட்டது. நம் நாட்டில் முதற் கேள்வி தாயை நோக்கிக் கேட்கப்படுகிறது. இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

என்ன செய்யவேண்டும்? என் கோரிக்கைகள் நான்கு. அவற்றில் எதற்கும் உலக வங்கியின் கடன் தேவையில்லை.

முதலாவது, கரியரோடு விற்கப்படும் ஒவ்வொரு சைக்கிளிலும் பின்சில்லின் இரு பக்கத்துக்கும் காப்பும், மடிக்கக்கூடிய இரு மிதிபடிகளும் பொருத்தப்பட்டிருக்கவேண்டும். பெண்களுக்கான சைக்கிள்களில் பாவாடை சிக்காதிருக்க வலைக்காப்பு வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. துணியைக் காக்கத் தெரிந்த உற்பத்தியாளருக்குக் காலைக் காக்கத் தெரியாதா? வாங்குபவர் கேட்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். கேட்கவேண்டியவருக்கு நான்கு வயது.

இரண்டாவது, இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் பிள்ளைகளுக்கான சைக்கிள் ஆசனத்துக்கும் சில்லுக் காப்புக்கும் தெளிவான தரத்தைப் பகிரங்கப்படுத்தி, அதைக் கட்டாயமாக்க வழிசெய்யவேண்டும். சந்தையில் கிடைக்கும் பிரம்பு ஆசனமும், ஹாண்டிலில் கொளுவும் சிறு இருக்கையும் எந்தப் பாரத்தைத் தாங்கும், எங்கே பூட்டவேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரியவேண்டும்.

மூன்றாவது, உள்ளூராட்சி சபைகள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வாகனங்கள்மீதும் விலங்குகள்மீதும் வரி அறவிடும் அதிகாரத்தைச் சபைகளுக்குத் தந்திருக்கிறது. குதிரை, கைவண்டி ஆகியவற்றோடு துவிச்சக்கரவண்டியும் அப்பட்டியலில் உண்டு. வரி அறவிடத் தெரிந்த சபைக்கு ஒரு கம்பிவலைக் காப்பை மானிய விலையில் கொடுக்கத் தெரியாதா? உறுப்பினர்களின்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்த சபைகளுக்கு 2025 மே 6 தேர்தலின் பின் மீண்டும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். மின்கம்பத்துக்கு விளக்குக் கேட்டு அவர்கள் வாசலுக்குப் போகும் நாம், இதையும் கேட்கவேண்டும். முன்பள்ளி வாசலில் ஒரு நாள் சைக்கிள் திருத்துநர் ஒருவரை அமர்த்தி, வரும் சைக்கிள்களுக்கெல்லாம் காப்புப் பூட்டிவிட ஒரு சபையால் முடியும். ஒரு சபை செய்தால் அடுத்த சபை வெட்கப்பட்டாவது செய்யும்.

நான்காவது, வைத்தியசாலைகள் இக்காயத்தைத் தனியாகப் பதியட்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை வயது, முன்சில்லா பின்சில்லா, காப்பு இருந்ததா, செருப்பு இருந்ததா. ஐந்து கேள்விகள் போதும். ஓராண்டுக் கணக்கை மாவட்டச் செயலகக் கூட்டத்தில் எவராவது வாசித்தால், அதன்பின் இதை விதியென்று சொல்ல எவருக்கும் துணிவு வராது.

அரசு செய்யும்வரை வீட்டில் காத்திருக்கவேண்டியதில்லை. சில்லின் இரு பக்கத்தையும் ஆசனத்தண்டிலிருந்து மட்காட்டின் பின்பகுதி வரை சிறுகண் கம்பிவலையாலோ தடித்த பிளாஸ்ரிக் தகட்டாலோ மறைத்து, சட்டத்தோடு இறுகக் கட்டலாம். ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் இதைச் சிறிது நேரத்தில் செய்துகொடுப்பார். விளிம்பு பிள்ளையின் காலைக் கிழிக்காதபடி மடித்துவிடச் சொல்லுங்கள். காலுக்கு மிதிபடி பூட்டுங்கள். முதுகுப்பலகையும் இடுப்புப் பட்டியும் உள்ள ஆசனத்தைக் கரியரில் பொருத்துங்கள். புத்தகப்பை பிள்ளையின் முதுகில் வேண்டாம். அதன் வார் தொங்கிச் சில்லில் சிக்கும். மூடிய சப்பாத்து அணிவியுங்கள். பிள்ளையின் தலைக்கு அளவான சைக்கிள் தலைக்கவசம் இருந்தால் நன்று. மோட்டார் சைக்கிளுக்குரிய பெரியவரின் கனத்த கவசத்தைச் சிறு கழுத்தின்மேல் ஏற்றாதீர்கள். பாரில் பிள்ளையை இருத்தினால் கால் முன்சில்லுக்குள் போகும். முன்சில்லு திடீரென நின்றால் பிள்ளையும் பெரியவரும் ஹாண்டிலுக்கு மேலாகப் பறப்பார்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தையை எவ்விதத்திலும் ஏற்றாதீர்கள். பன்னிரண்டு வயது அக்காவிடம் தம்பியை ஏற்றி அனுப்பாதீர்கள். ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளில் பிள்ளையை இருத்திவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். நிற்கும் வண்டி சரிந்தும் தலைகள் உடைகின்றன.

இவ்வளவுக்கும் மேலாகக் கால் அகப்பட்டுவிட்டால், காலைப் பிடித்து இழுக்கவேண்டாம். வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, குறட்டால் கம்பிகளை வெட்டிக் காலை விடுவியுங்கள். கம்பியொன்றின் விலை சில ரூபாய்கள்தாம். சுத்தமான நீரால் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்; ஏற்புவலித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் அடுத்தடுத்த நாட்களில் கட்டைப் பிரித்துக் காட்டத் தவறாதீர்கள். தோல் கறுக்கத் தொடங்குவது வலி குறைந்த பின்னர்தான்.

"வசதியில்லாதவனிடம் போய்க் காப்பு வாங்கு, ஆசனம் வாங்கு என்கிறீரே" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். இந்நாட்டில் வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பிள்ளையோடு விடுதியில் நிற்கும் தாயின் நாட்கூலி இலவசமல்ல. இருபது நாட் கூலியை இழந்த குடும்பம் எத்தனை காப்பு வாங்கியிருக்கலாம்? ஏழைக்குச் செலவு வைப்பது பாதுகாப்பு அன்று; பாதுகாப்பு இல்லாமைதான். அதனால்தான் அந்தச் செலவு உற்பத்தியாளரிடத்திலும் சபையிடத்திலும் இருக்கவேண்டும் என்கிறேன்.

அடுத்த ஆண்டும் முன்பள்ளிகள் திறக்கும். புதிய சப்பாத்தும் புதிய தண்ணீர்ப்போத்தலுமாக, முதன்முறையாக வீட்டைவிட்டுப் புறப்படும் பிள்ளைகள் கரியரில் ஏற்றப்படுவார்கள். இந்த வண்டிகளைச் செய்பவர்களும் விற்பவர்களும் தரம் நிர்ணயிப்பவர்களும் சபைகளில் அமர்ந்திருப்பவர்களும் அதற்குமுன் ஒரு முழம் கம்பிவலையைப் பற்றி ஒரு தீர்மானம் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால், அடுத்து கிழியும் குதிக்காலுக்கு விதி பொறுப்பல்ல, அவர்கள்தாம் பொறுப்பு.